திருவிழா வாடகை

பிப்ரவரி பிறந்தால் பூனோ நகரத்தில்
கட்டிலுக்கு மும்மடங்கு விலை.
எலெயூத்தேரியா தன் கட்டிலையே விட்டுவிட்டு
பிள்ளைகளோடு அடுப்படியில்
அல்பாக்கா கம்பளிக்குள் சுருண்டாள்.

கந்தேலாரியா மாதாவைப் பார்க்க
இரண்டு கடல் தாண்டி வந்தவன்
பன்னிரண்டாம் படியில் சரிந்தான்.
மலை அப்படித்தான்,
முதல் கும்பிடு அதற்கு.

மூன்று நாளும் அவனுக்குத் திருவிழா
சுவருக்கு அந்தப் பக்கம்.
எக்காளங்கள் வரும், போகும்.
முரசு மட்டும் போகாமல்
மண்டைக்குள் நின்று அடிக்கும்.
ஒரு மதியம் தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டியது,
அதையும் ஊர்வலம் என்றே எண்ணிக்கொண்டான்.

அவள் கோக்கா இலைத் தேநீர் கொண்டுவருவாள்.
வாந்தி வாளியைக் கொண்டுபோவாள்.
வாடகையில் ஒரு சோல்கூடக் குறைக்கவில்லை.
"மாதாவைப் பார்க்காதது
உனக்கும் அவளுக்கும் உள்ள கணக்கு."

கடைசி இரவு
தண்ணீர் தேடி எழுந்தவன்
அடுப்படி வாசலில் நின்றுவிட்டான்.

உள்ளே சாத்தான்.

கொம்பும் பல்லியும் கண்ணாடிப் பற்களும்
உருளைக்கிழங்கு மூட்டைமேல் தனியே இளிக்க,
மீதிச் சாத்தான்
ஜரிகை அங்கியைக்கூடக் கழற்றாமல்
உப்பு வெந்நீரில் கால்களை வைத்தபடி
தூங்கி வழிந்துகொண்டிருந்தான்.
எர்மோஹெனெஸ், வீட்டுக்காரன்.
மூன்று வருஷ நேர்த்தி, இது இரண்டாவது.
பெருவிரல் நகம் கன்றிக் கறுத்திருந்தது.

போன் சட்டைப் பையில்தான் இருந்தது.

அடுப்பிலிருந்து கெட்டிலை எடுத்து
ஆறிப்போன தண்ணீரில்
மெதுவாக, ஓரமாக ஊற்றினான்.

சாத்தான் கண்ணைத் திறக்கவில்லை.
"இன்னும் கொஞ்சம்" என்றான்,
மனைவியிடம் பேசும் குரலில்.