கீழே ஓடும் வரி

மேடைச் சுவரில் தெர்மாகோல் எழுத்துகள்
போன முகூர்த்தத்தோடு உரிந்து
மணமகள் பெயரின் கடைசி இரண்டு மட்டும்
விடாமல் ஒட்டியிருந்தன.
அதற்கு மேல் பேனர்:
வட ஆற்காடு வட்டாரக் கேபிள் தொலைக்காட்சி விருதுகள்.
மாவட்டம் நாலாகி
கலெக்டர்களும் நாலு பேர் ஆன பிறகும்
விருதுக்கு மட்டும் பழைய பெயர்.
ஆரணிக்காரர்கள் வந்திருந்தார்கள்,
வாலாஜா, திருப்பத்தூர், வந்தவாசி,
காட்பாடி மேம்பாலத்தில் மாட்டிக்கொண்ட
சிறப்பு விருந்தினரைத் தவிர எல்லாரும்.

நான் குடியாத்தம்.
திரைக்குக் கீழே ஓடும் வரியைத் தட்டுகிறவள்.
காணாமல் போன எருமை, இடது கொம்பு உடைந்தது.
நாளைய மின்தடை.
லுங்கிக் கடையில் ஒன்று வாங்கினால் ஒன்று.
இரங்கல், இரங்கல், இரங்கல்,
பிறகு ஏதோ ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள்.
ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் போகிறார்கள் என்று
என் ஆள்காட்டி விரலைக் கேட்டால் சொல்லும்.
விண்ணப்பத்தில் என் வேலைக்குப் பிரிவு இல்லை.
'இதர' என்று ஒரு கட்டம் இருந்தது.
அதில் வேன் டிரைவர் பெயரை எழுதினோம்.

சிறந்த ஒளிப்பதிவு:
தணிகைவேல், குடியாத்தம்.
விளக்கை அணைத்து அந்த மூன்று நிமிடத்தைப் போட்டார்கள்.

மோர்தானா நிரம்பிக்
கவுண்டன்யா தெருவுக்குள் வந்த நவம்பர்.
தரைப்பாலத்தின் நடுவில் அவன்.
லென்ஸில் மழை. மழைக்குள் ஒரு பீரோ மிதக்கிறது,
கதவு திறந்து, கண்ணாடியில் வானத்தைக் காட்டிக்கொண்டு.
மண்டபம் மூச்சை உள்ளே இழுத்தது.
சுத்தமான பிரதி எங்களிடம் இல்லை,
ஒளிபரப்பில் போனதையே அனுப்பியிருந்தோம்.
ஆகவே வெள்ளத்துக்கு அடியில்
என் வரியும் ஓடியது.

இன்று குடிநீர் வராது.
முன்னூறு பேர் சிரித்தார்கள்.
தீபாவளித் தள்ளுபடி நீட்டிப்பு.
இன்னும் சிரித்தார்கள்.
தணிகைவேல், உடனே பாலத்தை விட்டு இரங்கவும்.
தணிகைவேல், உடனே பாலத்தை விட்டு இரங்கவும்.
தணிகை, ப்ளீஸ்.

பதினேழு முறை அழைத்தேன் அன்று.
அவன் போன் பிளாஸ்டிக் கவருக்குள், கவர் பைக்குள்.
அவன் பீரோவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
நான் பார்த்தது ஃபிரேமின் இடது ஓரம்:
தடுப்புக்கற்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன,
ஆறு, ஐந்து, நாலு.
கத்துவதற்கு என்னிடம் இருந்தது
ஒரே ஒரு வரி.

கரையில் டீக்கடை, இன்வெர்ட்டரில் டிவி.
முனவர் பாஷா அதைப் படித்தார்.
பாய்லரை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்.
காலரைப் பிடித்து இழுத்தார்.
திரையில் இப்போது வானம், சேறு, யாருடைய செருப்போ,
மறுபடி வானம்,
பிறகு பாலம் இருந்த இடத்தில் தண்ணீர்.

"அந்தக் கடைசி அசைவு இருக்கிறதே,
கேமராவே பயப்படுகிற மாதிரி!" என்றார் ஒரு நடுவர்.
இன்னொருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
மைக்கை வாங்கினார்.
"கீழே ஓடிய வரியில் ஒரு பிழை.
இறங்குவதற்கு வல்லின றகரம்.
இடையினம் போட்டால் கருணை காட்டு என்று பொருள்."
அவருக்கும் கைதட்டல்.

எனக்குத் தெரியும் ஐயா.
பெரிய ற எந்த விசையில் என்பதும் தெரியும்.
அன்று என் விரல்
அவனுடைய இரங்கலைத் தொடங்கிவிட்டிருந்தது.
மூன்றாம் எழுத்துக்குப் பிறகு
நான்தான் திருப்பினேன்.

தணிகை ஷீல்டை வாங்கிக்கொண்டு
"பாய்க்கு அன்னைக்கு டீக்காசு பாக்கி" என்றான்.
வேறொன்றும் சொல்லாமல் மூன்று படி
பார்த்துப் பார்த்து இறங்கினான்.

பிரியாணிக் கத்தரிக்காய் துப்பட்டாவில் பட்ட கறையோடு
கடைசி பஸ்.
ஸ்டுடியோவைத் திறந்து உட்கார்ந்தேன்.
சிறந்த, பெரிய ற, இரண்டு தடவை பார்த்தேன்.
அடுத்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ காத்திருந்தது,
பேரணாம்பட்டு, வயது எண்பத்தொன்று.
அதற்குக் கீழே இன்னொன்று:
எருமை கிடைத்துவிட்டதாம்.

அதை முதலில் ஓடவிட்டேன்.