காற்று தூங்கிய நேரம்

நொடிக்கு ஆறு மீட்டர்.
அதற்கு மேல் காற்றடித்தால் சோதனை செல்லாது
என்கிறது விதிப்புத்தகம்.
எழுதியவர் ஆர்க்னித் தீவுகளுக்கு வந்ததில்லை.

மூன்று நாளாக வேனுக்குள் உட்கார்ந்திருக்கிறேன்.
பிளாஸ்க்கில் ஆறிய தேநீர், ஈரக் கையுறை,
கண்ணாடியில் படுக்கைவாட்டில் ஓடும் மழை.
எதிரே பன்னிரண்டு புது வீடுகள்.
குன்றின் மேல் காற்றாலைகள்
எங்களால் செலவழிக்க முடியாத வேகத்தில் சுற்றுகின்றன.

காகிதத்தில் இந்த வீடுகளுக்கு ஒரு வயது ஆகிவிட்டது.
சுவருக்குள் எவ்வளவு பஞ்சு,
ஜன்னலில் எத்தனை கண்ணாடி,
தெற்கே எத்தனை சதுர மீட்டர் வெயில்,
எல்லாவற்றையும் கணினிக்குச் சொன்னேன்.
அஸ்திவாரம் தோண்டுமுன்பே அது 'ஏ' என்றது.
பிறக்காத பிள்ளைக்கு முதல் ரேங்க்.

நான்காம் நாள், விடிந்தும் விடியாமல்
எர்லென்ட் ரெண்டால் வேன் கதவைத் தட்டினார்.
"இங்கா, கடலைப் பார். இப்போ விட்டா அடுத்த வாரந்தான்."
காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது
வேறு ஊர்க்காரர்களுக்கு.
இங்கே அது தூங்கும்போதுதான் எதையும் அளக்க முடியும்.

ஏழாம் எண் வீடு.
வாசல் நிலையில் சிவப்புத் துணியை இழுத்து மாட்டி
நடுவில் விசிறியைப் பொருத்தினேன்.
காற்றோட்டக் குழாய்களுக்கு டேப்.
வீட்டின் வாயைப் பொத்தி
மூச்சை வெளியே இழுத்தேன்.
துணி தொப்பை போட்டு உள்ளே சரிந்தது.
ஐம்பது பாஸ்கல்.

மூன்று புள்ளி எட்டு.

காகிதத்தில் நான் எழுதியிருந்தது மூன்று.

"மெஷின்ல கோளாறு," என்றார் எர்லென்ட்.
இல்லை என்று அவருக்கும் தெரியும்.

புகைக்குச்சியைப் பற்றவைத்து அறை அறையாக நடந்தேன்.
பெயின்ட் வாசனை போகாத சுவரிடமெல்லாம்
புகை சும்மா நின்றது.
ஜன்னலில் நின்றது. பிளக்கில் நின்றது.
குளியல் தொட்டியருகே குனிந்தபோது
என் முகத்தில் அடித்தது.

பலகையைக் கழற்றினோம்.
குழாய் இரண்டு விரல் பருமன்.
அதற்கு வெட்டிய ஓட்டையில்
ஒரு பூனை குடும்பத்தோடு போய்வரலாம்.
பலகை மூடிவிடும், யார் பார்க்கப்போகிறார்கள் என்று
யாரோ ஒருவர் வெள்ளிக்கிழமை மாலை நினைத்திருக்கிறார்.

எர்லென்ட் பேசவில்லை.
அறுபது வயது முழங்காலை ஈரத் தரையில் ஊன்றி
வயிற்றில் படுத்து
கையை உள்ளே விட்டார்.

அப்போதுதான் தோரா வந்தாள்,
அடுத்த மாதம் இந்த வீட்டின் சாவி அவளுக்கு.
மூன்று குளிர்காலம் கேரவனில் இருந்தவள்.
"மாசம் எவ்வளவு ஆகும்?"
கிலோவாட்டில் சொன்னேன்.
"பவுண்டில் சொல்."
கணக்கில் ஓர் ஆள் உண்டு என்றேன்,
காலையிலும் மாலையிலும் ஹீட்டர் போடுகிற,
அளவாகக் குளிக்கிற ஆள்.
"யார் அது?"
யாருமில்லை. எல்லாரும் சேர்ந்த ஒரு சராசரி.
"நைட் ஷிஃப்டுக்குப் போவாரா?
பகலில் தூங்குவாரா?
ஈரத்துணியை எங்கே காயப்போடுவார்?"

என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டேன்.
எதற்கென்று தெரியாது.

பட்டை, ரப்பர் வளையம், மறுபடி டேப்.
மறுபடி விசிறி.
இரண்டு புள்ளி ஒன்பது.
தோரா குளியலறைக்குப் போய்
புகை இல்லாமலே
வெறும் உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தாள்.

வெளியே புல் அசையத் தொடங்கியிருந்தது.
காற்றுமானி நான்கு என்றது, பிறகு ஐந்து.
கருவியைத் தூக்கிக்கொண்டு எட்டாம் எண்ணுக்கு ஓடினேன்.
வாசலில் எர்லென்டின் பூட்ஸ்.
உள்ளே, நான் விசிறியை மாட்டுமுன்பே,
ஸ்க்ரூ கழலும் சத்தம்.