ஷிப்பிங்-2

கம்பெனியில் பழைய சாமான் கழித்தபோது
கிலோ இருபத்திரண்டு ரூபாய் போட்டார்கள்.
தராசில் பதினொன்றே கால் கிலோ.
இருநூற்றி நாற்பத்தேழரை.
அரை ரூபாயை விட்டுவிட்டார்கள்.

ஒன்பது வருசம் நான் எதிரில் உட்கார்ந்திருந்த மெஷின்.
நெற்றியில் என் கையெழுத்திலேயே ஷிப்பிங்-2.
ராட்டர்டாமுக்கும் ஹாம்பர்க்குக்கும்
எத்தனை லட்சம் ஜட்டிக்கு இன்வாய்ஸ் அடித்திருப்போம்.
ஸ்கூட்டியில் காலடியில் வைத்து
ஊத்துக்குளி ரோட்டோடு வந்தேன்.

மூடியைக் கழற்றினால்
உள்ளே ஒரு பனியனுக்கு ஆகும் பஞ்சு.
ஃபேன் இறக்கையில் ரோஸ், அடியில் நீலம், மறுபடி ரோஸ்.
எந்த ஆர்டர் எந்த வருசம் என்று
நிறத்தை வைத்தே சொல்லலாம்.

காம்பவுண்டில் ஆறு வீடு.
ஆறிலும் பொழுது சாயும்போதே அன்றைய டேட்டா தீர்ந்துவிடும்.
ஒரே லைன் இழுத்துப் பிரித்தால் ஆளுக்கு நூற்றிப் பத்து.
வருகிற ஒயருக்கு ஒரு கார்டு, போகிற ஒயருக்கு ஒன்று.
இரண்டாவது, பழைய கடையில் நூற்றி ஐம்பது.
மூன்று ராத்திரி தூங்கவில்லை.
நாலாம் நாள்தான் புரிந்தது,
வாசலில் சொருக வேண்டியதைப்
பொடக்காளியில் சொருகியிருக்கிறேன்.
மாற்றியதும் விளக்கு எரிந்தது.
வெளியிலிருந்து பார்த்தால்
இனி ஆறு வீடும் ஒரே வீடு.

வீட்டுக்காரர் சென்னியப்பன் வந்தார்.
“கரண்ட் யாரு மீட்டர்ல ஓடுதுங்க அம்மிணி?”
“என்னுதுலதானுங்க.”
அதற்கப்புறம்தான் உட்கார்ந்தார்.
நான் ரௌட்டர், ஸ்பீடு என்று இழுக்க
கையைக் காட்டி நிறுத்தினார்.
“ஒரே கெணறு, ஆறு பங்கு. அப்படித்தானுங்க?
எல்லாரும் ஒட்டுக்கா மடையத் தொறந்தா
கடைக்காட்டுக்காரன் என்ன பண்ணுவான்?”
நான் யோசித்தே பார்க்கவில்லை.
கிணற்றுப் பங்குக் கேஸுக்குப்
பதினேழு வருசம் பெருந்துறை கோர்ட்டுக்கு நடந்தவர்.

அன்று ராத்திரியே முறை வைத்தேன்.
ஆறிலிருந்து ஒன்பது வரை வீட்டுக்கு ஒரு பங்குதான்.
காதர் மொய்தீன் மகளுக்குப் பரீட்சை வாரம் மட்டும் இரண்டு.
அதற்குத்தான் சண்டை.
செக்கிங் வசந்தாமணி நாலு நாள் பேசவில்லை.
சீரியல் சுற்றிக்கொண்டே நின்றுவிட்டதாம்,
மாமியார் கையை ஓங்கிய இடத்தில்.

மாடிப்படிக்கடியில், இரண்டு செங்கல் மேல்
இப்போது அது இருக்கிறது.
திரை கிடையாது. கீபோர்டு கிடையாது.
ஒரே ஒரு கோளாறு.
உள்ளே பொத்தான் பேட்டரி செத்துவிட்டது.
கரண்ட் போய் வந்தால்
2002 ஜனவரி ஒன்று என்று எழுந்து உட்காரும்.
வெளியே யாரையாவது கேட்டுத்தான்
இன்று என்ன கிழமை என்று தெரிந்துகொள்ளும்.
சில நாள் சீக்கிரம் கேட்கும். சில நாள் இல்லை.

யார் எதைப் பார்க்கிறார்கள் என்று
உங்களுக்குத் தெரியுமா என்று காதர் பாய் கேட்டார்.
தெரியாதுங்க என்றேன்.
தெரிந்துகொள்ளலாம்.
அந்த இடத்தை அணைத்து வைத்திருக்கிறேன்.
எந்த போன் எத்தனை மணிக்கு வந்தது என்று மட்டும் விழும்.

போன வியாழன் நடுராத்திரி கரண்ட் போய் வந்தது.
காலையில் திறந்து பார்த்தால்
2002 ஜனவரி ஒன்று, பன்னிரண்டு மணி ஏழு நிமிசம்,
தபனின் போன்.
கடைசி வீட்டு ஒடிசாப் பையன்.
டையிங்கில் ஷிப்ட் முடிந்து வந்து அம்மாவைக் கூப்பிடுவான்.
அதை மெஷின் சொல்ல வேண்டியதில்லை,
சுவரே சொல்லும்.
அந்தத் தேதியில் தபன் பிறக்கவேயில்லை.
பிறப்பதற்கு முன்னாடியே
நாற்பது நிமிசம் அம்மாவிடம் பேசியிருக்கிறான்.

பேட்டரி இருபது ரூபாய்.
வாங்கி வந்து கைப்பையிலேயே கிடக்கிறது.
மாற்றக் கால் மணி நேரம் அணைக்கணும்,
எப்பொழுது தோதுப்படும் என்று
வசந்தாமணி கதவில்தான் முதலில் போய் நின்றேன்.
முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்,
“ஒம்பதரைக்கு மேல அணைச்சுக்குங்க.”
கதவைப் பாதி சாத்தியவள்
மறுபடி திறந்தாள்.
“அந்தப் பையன் வர்றதுக்குள்ள
போட்டுருங்க, ஆமா.”