இறக்கும் பாதி

கௌனஸில் பிப்ரவரி. ஜிம் கண்ணாடி முழுக்க
எங்கள் மூச்சு.
வீதேனிஸ் கம்பியைத் தூக்குவான், நேர்த்தியாக;
உச்சியில் ஒரு நொடிகூட நிற்காமல்
தடாரென்று போட்டுவிடுவான்.
கீழ்மாடிப் பல் மருத்துவர்
மறுபடி புகார் எழுதுவார்.

"தூக்கியது பாதிக் கணக்கு" என்பேன்.
"இறங்கும்போதும் தசைக்கு வேலை உண்டு.
மூன்று எண்ணு. முதுகை வளைக்காதே,
இடுப்பைப் பின்னே தள்ளு,
கம்பி தொடையை உரசியே வரட்டும்."
அவன் எண்ணுவான்:
ஒன்று, மூன்று.

ஆறாவது வாரம்தான் கேட்டேன்.
முதல்நாள் படிவத்தில், தொழில் என்ற இடத்தில்,
'சுமை' என்று மட்டும் எழுதியிருந்தான்.
"சவப்பெட்டி" என்றான், ஷூ லேஸைப் பார்த்தபடி.
"நாலு பேர், இரண்டு வார்.
தூக்கிவர உறவுக்காரர்கள் இருப்பார்கள்,
இறக்குவது நாங்கள்.
போன மாதம் என் முனை சட்டென்று சரிந்தது.
ஒரு சாண்தான்.
அந்த அம்மா கையை நீட்டிவிட்டாள்,
பிடித்துவிடலாம் என்பதுபோல."

என்ன சொல்வது?
இரு பக்கமும் பத்துப் பத்துக் கிலோ கழற்றினேன்.
மூன்றை ஐந்தாக்கினேன்.

இன்று எண்ணியது அவன், லிதுவேனிய மொழியில்,
ஓர் எண்ணையும் விழுங்காமல்.
நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே
தொடை நடுங்கியது;
கம்பி நடுங்கவில்லை.
ரப்பர் விரிப்பை இரும்பு எப்போது தொட்டதென்று
எனக்கே தெரியவில்லை.

அட்டவணையில் எழுதிக் கொடுத்தேன்:
திங்கள் கால், செவ்வாய் தோள்,
புதன் ஓய்வு.

மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.
"புதன் இரண்டு இருக்கிறது" என்றான்.