வினைச்சொல் நிற்கும் இடம்

சைதாப்பேட்டை பஜார் ரோட்டில்
ஜெராக்ஸ் கடைக்கு மேலே, ஒரே ஃபேன்,
பதினோரு பேர்.
ரோஸ்லின் மிஸ் ஆளுக்கொரு அட்டை கொடுத்தாள்.
நசீமாவுக்கு ‘ஷீ’.
டெம்போ ஓட்டும் ஆரோக்கியத்துக்கு ‘ஃபிஷ்’.
எனக்கு ‘ஈட்ஸ்’.
வாக்கியமாக நில்லுங்கள் என்றாள்.

பழக்கத்தில் போய்க் கடைசியில் நின்றேன்,
மீனுக்கும் பின்னால், சுவரை ஒட்டி.
மிஸ் என் முழங்கையைப் பிடித்து
நடுவில் கொண்டுவந்து வைத்தாள்.
என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள்.
‘வெர்ப் இங்கதான் மேடம். முன்னாடியே சொல்லிடணும்.’

முன்னாடியே சொல்லிவிட்டால் எப்படி?
போன மாசம் ஹவுஸ் ஓனரிடம்
‘வாடகையை நான் உங்களுக்கு இந்த வாரத்துக்குள்ள...’ என்று
இழுத்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன்.
தந்துடறேன், தரப் பார்க்கறேன், தர முடியாது
மூன்றும் நாக்கு நுனியில் தயார்.
புருவம் பார்த்து ஒன்றை இறக்கினேன்.
இங்கிலீஷில் அந்த வசதி இல்லை.

அடுத்த வாரம் ‘ஹாவ்’.
எப்போது என்று சொல்லக் கூடாதாம்,
‘நேத்து’ பக்கத்தில் வந்தால் கோபித்துக்கொள்ளுமாம்.
தேதி கேட்காத காலம். எனக்குப் பிடித்திருந்தது.
மெடிக்கல் கவுன்ட்டரில் மாத்திரை அட்டைகளை எண்ணிக்கொண்டே
முணுமுணுத்தேன்:
ஐ ஹாவ் கவுன்ட்டட். ஐ ஹாவ் சோல்ட்.
ஐ ஹாவ் லாஸ்ட்.
தொலைத்ததைக்கூடக் கையில் வைத்திருக்கிற பாஷை.

நேற்று, கோடிட்ட இடத்தை நிரப்புக.
ஏழாவது கேள்வி:
மை ஹஸ்பண்ட் ஹாஸ், ஒரு கோடு, டு, இன்னொரு கோடு.
ஊர்ப் பெயரை நீங்களே போட்டுக்கலாம் என்றாள்.
சுற்றிலும் லண்டன், துபாய், ஊட்டி.
நான் வேளச்சேரி என்று எழுதினேன்.
இங்கிருந்து ஒரே பஸ்,
நெரிசல் இல்லாவிட்டால் இருபது நிமிஷம்.

‘பீன்’ என்றால் போய்விட்டு வந்தாச்சு.
‘கான்’ என்றால் அங்கேயே.
ரெண்டில் ஒன்று.

எட்டு மாசமாகக் கீழ் போர்ஷன் குணவதியிடம்
‘வேளச்சேரி போயிருக்கார்’ என்றுதான் சொல்கிறேன்.
பொய் இல்லை.
வருவார் என்றும் அதில் இல்லை,
வர மாட்டார் என்றும் இல்லை.
அந்த ஒரு சொல்லின் வாசலில்தான்
அவர் செருப்பு இன்னும் கிடக்கிறது.

நசீமா என் தாளை எட்டிப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை,
தன் ரப்பரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.
தேவைப்படவில்லை.
நான் அதற்குள் பேனாவை எடுத்திருந்தேன்.

இறங்கும்போது படிக்கட்டில் ஆரோக்கியம் நின்று,
மனசுக்குள் அடுக்கிப் பார்த்துவிட்டு,
‘மேடம், யூ நைட் டிபன் ஹாவ் ஈட்டன்?’ என்றார்.
வெர்ப் கடைசியில்தான் வந்தது.
அதைத் திருத்தாமல்
‘நாட் யெட்’ என்றேன்.