மதகுச் சோதனை

மேட்டூரில் எல்லோருக்கும் அணையின் உயரம் தெரியும்.
டீக்கடையில், டவுன் பஸ்ஸில்,
முடிவெட்டும் நாற்காலியில் கழுத்தில் துண்டோடு
"இன்னிக்கு எத்தனை அடி?" என்பார்கள்.
எத்தனை டிகிரி என்று
யாரும் கேட்டதில்லை.

நான் கேட்கிறேன். சம்பளம் அதற்கில்லை.
நைலான் கயிறு, ஐந்தடிக்கு ஒரு முடிச்சு,
நுனியில் என் காசில் வாங்கிய வெப்பமானி.
மே பத்து, மதியம் மூன்று மணி:
மேலே முப்பத்தொன்று.
எட்டாவது முடிச்சில் இருபத்தைந்து.
மாடியில் சித்திரை, கீழ்வீட்டில் மார்கழி.
அந்த மார்கழிக்கு மூச்சு கிடையாது.
பாட்டிலில் பிடித்து மூடியைத் திறந்தால்
அழுகிய முட்டை.

அணைக்குக் கீழே ஆறு
குட்டை குட்டையாகக் கிடந்தது.
கதவணைக்கு முன்னால் இருக்கும் பாறை மடுவில் முப்பத்து நாலு.
விடியும் முன்பே கெண்டைகள்
வாயை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு
காற்றைக் கடித்துக் கடித்துத் தின்றன.
கண்ணுக்கு உவமை வேண்டி
ஈராயிரம் வருடமாகக் கயலையே பார்த்த மொழி நம்முடையது.
செவுள் பக்கம்
பார்வை போகவில்லை போலும்.

பரிசலில் இருந்தபடி மாதையன்
கையாலேயே அள்ளிக்கொண்டிருந்தார்.
"வலையே வேணாங்க மேடம், தானா வருது."
ஒன்றைத் தூக்கி முகர்ந்தார். திரும்பத் தண்ணீரில் போட்டார்.
"ஆனா இது மீனில்ல.
மத்தியானத்துக்குள்ள நாறிடும்."

செயற்பொறியாளரை அழைத்தேன்.
கீழ் மதகில் முந்நூறு கன அடி, மேல் மதகில் நூறு.
குளிர்ச்சி இதிலிருந்து, மூச்சு அதிலிருந்து.
விடிவதற்கு முன் நான்கு மணி நேரம், மூன்று நாள்.
அவர் கெட்டவர் இல்லை. சிரிக்கவுமில்லை.
பதிவேடு புரளும் சத்தம் கேட்டது.
குடிநீர். பாசனம். மின்சாரம். ஆலை.
"மீனுக்கு ஆயக்கட்டு இல்லையேம்மா."

வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.
"அந்த மேல் மதகு ஷட்டர்
போன வருஷம் சிக்கிச்சு இல்ல?"
ஆமா சார்.
"ஜூன்ல தொறக்கறதுக்கு முன்னாடி
ஒரு தடவை ஓட்டிப் பாக்கணும் இல்ல?"
ஆமா சார்.
"மூணு தடவைகூடப் பாக்கலாம்."

இரவு இரண்டு மணி.
ஆரோக்கியம் மோட்டாரைப் போட்டுவிட்டு
சிலுவைக் குறி இட்டார். எப்போதும் இடுவார்.
இரும்பு முனகியது. பிறகு தண்ணீர்
இருட்டில் வெள்ளையாகப் பாய்ந்தது.
முட்டை நாற்றம் கொஞ்ச நேரம் நின்று
பாறையில் அடிபட்டு அடிபட்டுக் கலைந்தது.

பைக்கில் மடுவுக்குப் போனேன்.
முப்பத்து மூன்று புள்ளி ஆறு.
முப்பத்தொன்று.
ஆறு மணிக்கு இருபத்தெட்டு புள்ளி ஒன்பது.
நீர்மேல் ஒரு வாய்கூட இல்லை.
ஒன்றுமே தெரியாத தண்ணீரைப் பார்த்துக்கொண்டு
டூட்டி முடிந்தும் நின்றிருந்தேன்.

பெருமைப்படத் தெரியவில்லை.
மூன்று நாளில் போனது
ஒரு கோடியே எழுபத்திரண்டு லட்சம் கன அடி.
டி.எம்.சி.யில் எழுதினால்
புள்ளிக்கு அப்புறம் ஒரு பூஜ்யம் தாண்டித்தான் தொடங்கும்.
கடைமடையில் அந்தப் பூஜ்யத்துக்காகக்
காத்திருக்கும் ஒருத்தர் இருப்பார்.
குளிர்ச்சியும் இருப்புதான், அதற்குப் பேரேடு இல்லை;
மேயில் எடுத்தது
ஆடியில் இருக்காது.

குறிப்புக் கட்டத்தில் பேனாவால் எழுதினேன்:
ஷட்டர் சீராக இயங்குகிறது.
பக்கத்தில் பென்சிலால்: 28.9.

ஞாயிற்றுக்கிழமை அணைப்பூங்கா எதிரில்
மீன் பொரிக்கும் கடைகளில் மசாலா புகை.
மாதையன் ஒரு கெண்டையைத் தூக்கிக் காட்டினார்.
வாலால் அவர் மணிக்கட்டை அறைந்தது.
புதன்கிழமை செத்திருக்க வேண்டியது
ஞாயிறுவரை உயிரோடு இருந்து
உயிரோடு சாகப்போகிறது.

"கிலோ முந்நூத்தி அம்பது."
போன வாரம் நூறுதானே?
"போன வாரம் அது மீனில்லன்னு சொன்னேனே."
பேரம் பேசிப் பார்த்தேன்.
ஒரு ரூபாய் குறைக்கவில்லை.