சொல்வதெழுதல், ஐந்தாம் வகுப்பு

கோடு போடாத நாற்பது பக்க நோட்டு.
முதல் பக்கத்தில் ‘செயலாராய்ச்சி’ என்று எழுதி
அடியில் இரண்டு கோடு இழுத்திருக்கிறேன்,
அதிலேயே பாதி வேலை முடிந்த மாதிரி.

ஜூலை 9. இருபது சொல்.
தரணிகா பதினொன்று தப்பு. லோகித் பதிமூன்று.
சன்னலோர வரிசை மொத்தமும் கவிழ்ந்து கிடக்கிறது.
காரணம் என்ற இடத்தில்
யோசிக்காமல் எழுதியிருக்கிறேன்: கவனமின்மை.

சன்னலுக்கு வெளியே தறிக்குடோன்.
சோமனூர்ப் பக்கம் மௌனம் என்றால்
கரண்ட் போயிருக்கிறது என்று அர்த்தம்.

ஜூலை 16. சன்னலைச் சாத்தினேன்.
வேர்த்தது. தப்பு குறையவில்லை.

ஜூலை 23. இடம் மாற்றினேன்.
சன்னலோரப் பிள்ளைகள் முன்பெஞ்சுக்கு வந்தார்கள்.
தப்பும் பையைத் தூக்கிக்கொண்டு
அவர்கள் கூடவே வந்து உட்கார்ந்தது.
அன்றைய குறிப்பு: வீட்டில் யாரும் படிக்க வைப்பதில்லை.
பேனா அழுந்தியது பின்பக்கத்தில் தெரிகிறது.
ஆராய்ச்சி இல்லை அது, கோபம்.

ஆகஸ்ட் 6. கரண்ட் போனது.
எட்டுத் தறியும் நின்று
பக்கத்து வகுப்பின் ஏழாம் வாய்ப்பாடு தெளிவாகக் கேட்டது.
அப்போதும் லோகித் பன்னிரண்டு.
அன்றைக்குத்தான் பெஞ்சு பெஞ்சாகப் போய்க் கேட்டேன்.
மூன்று பேர் நகத்தைப் பார்த்தார்கள்.
தரணிகா சொன்னாள்:

“நீங்க போர்டுப் பக்கம் திரும்பிட்டா
வாய் தெரியறதில்லீங் டீச்சர்.”

“வாய் எதுக்குக் கண்ணு?”

“எங்கூட்டுல அப்புடித்தானுங்.
தறி ஓடறப்போ அம்மா அந்த முக்குல இருந்து
சோறும்பாங்க, நூலும்பாங்க.
பாத்தாத்தானுங் கேக்கும்.”

பார்த்தால்தான் கேட்கும்.
அதன் அடியில் நான் கோடு போடவில்லை.

பதினான்கு வருடம்
நேரம் மிச்சமாகட்டும் என்று
அடுத்த பாடத்தைப் போர்டில் எழுதிக்கொண்டே
முதுகால் சொல் சொல்லியிருக்கிறேன்.
மந்தம் என்று நான் எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவன்
இதே குடோனில் பாவு பிணைக்கிறான்.
வாசலைத் தாண்டும்போது ஏதோ சொல்வான்.
சத்தத்தில் உதடு மட்டும் அசையும்.
எனக்குத்தான் வாசிக்கத் தெரியாது.

ஆகஸ்ட் 13. முகம் காட்டி நின்று சொன்னேன்,
ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை.
சாக்பீஸ் இல்லாத கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
தரணிகா நான்கு. அந்த வரிசையில் ஆறைத் தாண்டியவர் ஒருவர்தான்.
லோகித் பன்னிரண்டு.

குறுவள மையத்தில் படிவம் கொடுத்தார்கள்.
சிக்கல், கருதுகோள், தலையீடு, விளைவு.
சிக்கலுக்குரியவர் பெயர் என்று ஒரு கட்டம்.
என் பெயரை எழுதினேன்.
பக்கத்தில் இருந்த மரியபுஷ்பம் டீச்சர் எட்டிப் பார்த்து
“அடடா, மாத்தி எழுதிட்டீங்களே” என்று
வேறு தாள் வாங்க எழுந்தார்.
உட்காரச் சொல்வதற்குள் போய்விட்டார்.
புதுத் தாளிலும் அதையே எழுதினேன்.

லோகித்துக்குத் தனியாக ஒரு பக்கம்.
காரணம் என்று எழுதி, எதிரே காலியாக விட்டிருக்கிறேன்.
காது பார்க்கச் சூலூருக்குப் போக வேண்டும்,
அவன் அப்பாவிடம் ஒரு பகல் கேட்டேன்.
தறியை நிறுத்தாமலே சொன்னார்.
இந்த முறை உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்:
“இந்தப் பாவு தீந்துட்டா வாரேனுங்.”

பாவில் மிச்சம் எத்தனை மீட்டர் என்று கேட்டு
நோட்டில் குறித்துக்கொண்டேன்.